மச்சானோட செராமிக் பிரேக்

அத்தை மகன் பாலாஜி போன பொங்கலுக்கு ஸ்போர்ட்ஸ் கார்ல வந்தான். கழனியிலிருந்து வந்த எங்க நைனாவை, "சேத்துக் காலோட ஏறாதீங்க மாமா"ன்னு நடக்க விட்டுட்டுப் போனான்.

நைனா மறந்துட்டாரு. நான் மறக்கல.

இன்னிக்கு நானும் பாலாஜியும் மேல்மலையனூர் போற வழியில, செஞ்சியில அதே கார் பஞ்சர்.

கடைக்காரர் ஒட்டி முடிச்சதும், "நீ தொடாத, இது கார்பன் செராமிக் பிரேக், ரேஸ் காருக்குப் போடுறது"ன்னு அவரை விரட்டிட்டு, வீலைத் தானே மாட்டப் போனான்.

நான் கார் சர்வீஸ் சென்டர்ல வேலை பாக்குறவன். அந்த பிரேக்கோட டிஸ்க் எவ்ளோ சூட்டையும் தாங்கும். ஆனா ஓரத்துல இடிச்சா பீங்கான் மாதிரி பேந்துடும். வீல் இடிக்காம நேரா நுழையறதுக்கு முதல்ல போல்ட் ஓட்டையில ஒரு கம்பியைத் திருகிக்கணும். அவன் திருகல.

நான் வாயே திறக்கல.

டக்குனு ஒரு சத்தம். டிஸ்க் ஓரம் சில்லா பேந்து கீழ விழுந்துச்சு.

"இன்னா மச்சான் இது?"ன்னான், முகம் வெளுத்துப்போய்.

"டிஸ்க்கையே மாத்தணும் மச்சான், லட்சக்கணக்குல ஆகும். இனிமே ஓட்டாத, லாரியில ஏத்தி அனுப்பு"ன்னேன்.

முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னு தோணுறவங்க கமெண்ட்ல வந்து திட்டுங்க. இன்னிக்கு எதையும் சிரிச்சிக்கிட்டே படிப்பேன்.