நாற்பத்திரண்டு கட்டிலும் ஒரு சாக்பீஸும்

அம்மா இருக்கும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் செத்துப்போனவர்களுக்கும் டூட்டி போடுகிறார்களாம். இந்தச் செய்தி என் காதுக்கு வந்தது சுற்று வழியில். அங்கே லிஃப்ட் பழுது பார்க்கப் போனவர் தன் மைத்துனரிடம் சொல்லியிருக்கிறார். அந்த மைத்துனர் என்னோடு வேலை பார்ப்பவரின் அண்ணன். கடைசியில் அது எங்கள் அலுவலகத்துச் சாப்பாட்டு மேசையில் ஒரு வேடிக்கையாக வந்து விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவிடமிருந்து விமானத்தில் பதினான்கு மணி நேரத் தொலைவில் இருக்கும் நான் மட்டும் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

அன்றே கடிகாரக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

அந்த இல்லத்தின் இரண்டாம் மாடியை இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொள்பவர் அவர். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பும் முதுகும் புண்ணாகிவிடும். அந்தக் கணக்கு தவறாமல் கட்டில் கட்டிலாக அவர் வருவதைப் பார்த்து, ஜன்னலோரக் கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர்தான் அந்தப் பெயரை வைத்தார். தபால்காரர் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. பெயர் நின்றுவிட்டது.

என் கேள்விக்கு அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"யாரும் சாகல தம்பி. ஒருத்தி கல்யாணமாகிப் போயிட்டா. மூணு பேரு உங்க ஊருக்கே வந்துட்டாங்க. அட்டவணையில மட்டும் இன்னும் வேலை செய்றாங்க. லீவே எடுக்க மாட்டாங்க. தங்கமான பொண்ணுங்க."

விதிப்படி பத்துப் பேருக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும். அந்த மாடியின் நாற்பத்திரண்டு கட்டிலுக்கு ஐந்து பேர். மேனேஜர் மாட்டிவைத்திருந்த அட்டவணையில் ஐந்து பெயரும் பளிச்சென்று இருந்தன. நடமாடியதோ கடிகாரக்காவும், இடுப்பு வலிக்கு பெல்ட் போட்டுக்கொண்ட இன்னொரு பெண்ணும்தான். மூன்று மாடிக்கும் சேர்த்து ஒரு நர்ஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். என் அம்மாவைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் உடம்பு மரக்கட்டையாகிவிட்டது, பேச்சும் போய்விட்டது. பெல்ட் பெண் வராத நாளில் துணி துவைக்கும் இடத்திலிருந்து சலவைக்காரரைக் கூட்டிவந்து தூக்குவாராம். கண்ணை மூடிக்கொண்டு தூக்க வேண்டும் என்பது கடிகாரக்கா அவருக்குப் போட்ட நிபந்தனை.

கடிகாரக்கா அங்கே சேர்ந்தது தரை துடைக்க. சேர்ந்த இரண்டாம் வாரம், ஆள் போதாமல் தவித்த ஒரு நர்ஸ், "கொஞ்சம் அந்தக் காலைப் பிடிம்மா" என்றிருக்கிறார். பிடித்த காலை அவர் பிறகு விடவேயில்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண்ணைத் துடைத்து மருந்து வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. புதிதாக வரும் பெண்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுப்பார். வருடம் முடிந்ததும் அவர்கள் அனுபவக் கடிதம் வாங்கிக்கொண்டு வெளிநாட்டு முதியோர் இல்லங்களுக்குப் பறந்துவிடுவார்கள். பதினொரு பேர் அப்படிப் போனார்கள் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்வார். "உங்க ஊருக்கு ஆள் அனுப்பற கம்பெனி நடத்தறேன்னு வச்சுக்கோங்க" என்று ஒருமுறை சிரித்தார். என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியும் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அதன் வாசலில் 'ஆட்கள் தேவை' பலகை இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

அவரிடம் சான்றிதழ் மட்டும் கிடையாது. சம்பளச் சீட்டில் இன்றைக்கும் துப்புரவுப் பணியாளர்தான். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துச் சொன்னதாலோ என்னவோ, நான் அதை மனதில் போட்டுக்கொள்ளவில்லை.

அட்டவணை மேனேஜருடையது என்றால் சுவர் கடிகாரக்காவுடையது. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டுச் சுவரிலும் சாக்பீஸால் ஒரு அம்புக்குறி போடுவார். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினார் என்பதற்கு அம்பு, பக்கத்தில் மணி. திருப்பாமல் அம்பை மாற்ற மாட்டார். வாரம் இரண்டு முறை வீடியோவில் அம்மாவைப் பார்க்கும்போது, அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே என் கண் அந்த அம்புக்குத்தான் போகும்.

அந்த வதந்தி வந்த வாரம், காலை பதினொரு மணிக்கு அம்மாவின் தலைமாட்டில் ஆறு மணி என்றிருந்தது. அம்பு வலப்பக்கம். ஐந்து மணி நேரமாக அம்மா அதே இடுப்பில் கிடக்கிறாள். பெல்ட் பெண் வரவில்லை, சலவைக்காரரும் லீவு என்றார் கடிகாரக்கா. ஒருவாரத்தில் வலது இடுப்பில் புண் கண்டுவிட்டது.

முதியோர் இல்லங்களைக் கண்காணிக்கும் அரசுத் துறைக்கு நான் ஒரு புகார் எழுதினேன். இரண்டு பக்கம், நல்ல ஆங்கிலத்தில், பெயர் போடாமல். அந்த அம்பு தெரிகிற திரையைப் படமெடுத்து இணைத்தேன். ஆள் கூட்டச் சொல்வார்கள், கடிகாரக்காவுக்குத் துணை கிடைக்கும் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் சுவரைத் துடைக்கச் சொன்னாராம் மேனேஜர். "அழிச்சுட்டா அடுத்து யாரை எந்தப் பக்கம் திருப்பறதுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டுவிட்டுக் கடிகாரக்கா வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வந்த பெண் ஆய்வாளர் அட்டவணையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சுவரையே வெகுநேரம் பார்த்தாராம். இதையெல்லாம் எழுதியது யார் என்று கேட்டார்.

"நான்தாம்மா."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"ஏழாவது."

ஆய்வாளர் அதற்கு மேல் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கெட்ட மனுஷி இல்லை, போகும்போது தோளில் தட்டிவிட்டுத்தான் போனார் என்கிறார் கடிகாரக்கா. உத்தரவு மூன்றாம் நாள் வந்தது. சான்றிதழ் இல்லாதவர் இனி நோயாளிகளைத் தொடக்கூடாது. இருக்கும் பராமரிப்பாளர் கணக்குக்கு மேல் முதியவர்களை வைத்திருக்கக்கூடாது. கணக்கில் மிஞ்சியது பெல்ட் பெண் ஒருத்தி. ஒருத்திக்குப் பத்துப் பேர். புதிதாக ஆள் தேடினார்களா என்று தெரியவில்லை. தேடினாலும் எங்கே கிடைப்பார்கள்? ஆளைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கட்டிலைக் குறைத்தார்கள். முதல் பட்டியலில், தூக்க இரண்டு பேர் தேவைப்படுகிறவர்கள். அம்மா பெயர் நான்காவது.

மேனேஜருக்கு எழுதினேன், துறைக்கு எழுதினேன், இந்த முறை பெயர் போட்டே எழுதினேன். தங்கள் கடிதம் கிடைத்தது என்று இரண்டு இடத்திலிருந்தும் பதில் வந்தது. விமானச் சீட்டு நாளை மறுநாளுக்குத்தான் கிடைத்தது. அம்மாவை மூன்று மணி நேரத் தூரத்தில் வேறொரு இல்லத்துக்குக் கொண்டுபோவது இன்று நான்கு மணிக்கு. அங்கே தேவையான ஆட்கள் இருக்கிறார்களாம். அட்டவணைப்படி.

நேற்று கடிகாரக்காவே கூப்பிட்டார். கீழே வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருக்கிறாராம். பின்னால் வாளி இழுபடும் சத்தம் கேட்டது.

"சுவருக்கெல்லாம் வெள்ளை அடிச்சுட்டாங்க தம்பி. வண்டியில வர்றவங்களுக்கு எந்தப் பக்கம் புண்ணுன்னு தெரியாது. வலப்பக்கம் படுக்க வச்சு மூணு மணி நேரம் குலுக்கிட்டுப் போனா, பெரியம்மாவால வலிக்குதுன்னு சொல்லக்கூட முடியாது."

நர்ஸிடம் சொன்னீர்களா என்றேன். அவர் முந்தின நாளோடு வேலையை விட்டு நின்றுவிட்டார் என்றார். மேனேஜர் என் போனை எடுப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"நீங்க மூணு மணிக்கு எனக்கு அடிங்க. வண்டி வந்ததும் நானே மேல போறேன். தொடத்தானே கூடாது, பேசலாமில்ல? போனை ஸ்பீக்கர்ல போடறேன், பையன் நீங்களும் சொல்லுங்க, கேப்பாங்க."

சரிக்கா என்றேன். அவர் வாளியைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது.

"யாரோ எழுதிப் போட்டிருக்காங்க தம்பி. நல்லது நினைச்சுத்தான் போட்டிருப்பாங்க, பாவம்."

எழுதியது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது.

இப்போது அங்கே மூன்றே கால். நான் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கடிகாரக்கா போனை எடுக்கவில்லை. துப்புரவுப் பணியாளர்கள் வேலை நேரத்தில் போனைப் பூட்டி வைக்க வேண்டும் என்று புதிதாக ஏதும் சொல்லியிருப்பார்களோ, வாளிச் சத்தத்தில் கேட்கவில்லையோ, இல்லை, மேலே போய்விட்டாரோ. ஐந்தாவது முறையாக அழைக்கிறேன். வலது இடுப்பு, வலது இடுப்பு என்று எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், எடுத்ததும் தடுமாறக்கூடாது என்று. மணி போய்க்கொண்டே இருக்கிறது.