ஊருக்கெல்லாம் ஒரே குடை

பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள்களுக்கென்று ஓர் அறை இருக்கிறது. அதை என் அக்கா பார்த்துக்கொள்கிறாள். பக்கத்து விசாரணைக் கவுன்டரில் நான். பொருளைத் தொலைத்தவர்கள் முதலில் என்னிடம் கத்திவிட்டுத்தான் அவளிடம் போவார்கள்.

அவளுடையது செக்குமாட்டு வேலை. நடத்துநர்கள் கொண்டுவந்து போடும் பொருள்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். மின்னஞ்சலில் வரும் புகார்களைப் படித்து, எது யாருடையது என்று ஒப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் பதில் எழுத வேண்டும். தலை நிமிர நேரமில்லை. அப்படியும் புகார்கள் மலையாகக் குவிந்தன, பொருள்கள் அலமாரியிலேயே தூங்கின. குழந்தைகள் காப்பகத்தில் அவள் மகள்தான் தினமும் கடைசி ஆளாகக் காத்திருப்பாள். அந்த வருத்தத்தில் அக்கா என்மேல் எரிந்து விழுவாள்.

இந்த லட்சணத்தில் மேலாளர் வந்து, ஒன்றுக்கும் உதவாத அறை, அடுத்த மாதம் மூடிவிடலாம், உங்களைத் தூரத்துப் பணிமனைக்கு மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கிருந்து வீடு வந்து சேர்வதற்குள் மகள் தூங்கிப்போயிருப்பாள்.

அவளுக்குப் புதிதாகத் தந்திருந்த கணினியிலேயே ஓர் ஏஐ உதவியாளர் இருந்தது. நாம் பேசுகிற மாதிரி எழுதிச் சொன்னால் போதும், செய்துவிடும். நான் நச்சரித்ததால் அக்கா முயன்று பார்த்தாள். புகார்களைப் படித்தது, பட்டியலில் சேர்த்தது, பதிலும் எழுதியது. ஒவ்வொன்றையும் சரிபார்த்து அவளே அனுப்பினாள். ஒன்றில்கூடப் பிழையில்லை. மறுநாளே அம்மணிக்குக் குளிர்விட்டுப் போயிற்று. கறுப்புக் குடை ஒன்று வந்திருக்கிறது, தொலைத்தவருக்கு நீயே தகவல் அனுப்பிவிடு என்று எழுதிவிட்டு மகளை அழைக்க ஓடிவிட்டாள்.

காலையில் வந்தால் அறை வாசலில் நீண்ட வரிசை. கறுப்புக் குடை தொலைந்ததென்று புகார் அனுப்பிய அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் போயிருந்தது. ஊரில் கறுப்புக் குடை தொலைக்காதவர் யார்? வரிசையின் கடைசியில் மேலாளர். இன்றோடு அக்காவின் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

அவள் கதவைத் திறந்தாள். “தப்பு என்னோடதுதான். படிச்சுப் பாக்காம அனுப்பிட்டேன். வந்தது வந்துட்டீங்க, உள்ள நெறய குடை கிடக்கு. உங்களுது இருக்கான்னு பாருங்க.”

முனகிக்கொண்டே உள்ளே போனவர்களில் பாதிப் பேர் குடையோடு வெளியே வந்தார்கள். ஒருவர் குடையைத் தேடப்போய், மறந்தே போயிருந்த கைப்பையைக் கண்டெடுத்தார். கடைசியாக உள்ளே போன மேலாளர், பிடி உடைந்த ஒரு குடையைத் தடவிக்கொண்டே வந்தார். அவரும் அந்த மின்னஞ்சலைப் பார்த்துத்தான் வந்திருந்தார். போன மழைக்காலத்தில் புகார் அனுப்பி, பதிலே வராத கோபமாம். அந்த அறைமேல் அவருக்கு ஏன் அவ்வளவு கடுப்பு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“ரூம் இருக்கட்டும்மா,” என்றார். “ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிடுங்க.”

இப்போது கணினி எழுதுகிறது, அக்கா படித்துவிட்டு அனுப்புகிறாள், நேரத்துக்குக் கிளம்புகிறாள். நேற்று காப்பகத்தில் நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இவள் போனபோது பாதிக் குழந்தைகள் இன்னும் இருந்தார்களாம். மகள் வரமாட்டேன் என்று ஒரே அழுகையாம், விளையாட்டு முடியவில்லையாம்.