வெறுந்தூளி

நர்ஸம்மாவை நினைத்தால் அந்தத் தராசுதான் முதலில் வருகிறது. அங்கன்வாடி முன்வாசலில் தொங்கும். கொக்கியில் ஒரு துணித் தூளி. புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் குழந்தைகளை அதில் கிடத்தி எடை பார்ப்பார். பனியன் கம்பெனியில் பர்மிஷன் சொல்லிவிட்டு ஓடிவரும் எங்களுக்கு எதற்கும் நேரமில்லை, நம்பிக்கைகளுக்கு மட்டும் குறைவில்லை. பிள்ளையில்லாத தூளி ஆடினால் பிள்ளைக்கு ஆகாது என்போம். தெற்கேயிருந்து பிழைக்க வந்த நாங்களும் இந்த ஊர்க்காரர்களும் இதில் ஒரே கட்சி. நர்ஸம்மா எங்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஒரு குழந்தையை எடுத்த கையோடு அடுத்ததைக் கிடத்திவிடுவார்.

என் மூத்தவளையும் மாதாமாதம் அப்படித்தான் பார்த்தார். கை கால் சூம்பின மாதிரி இருக்கிறதே என்று கேட்டால், "நல்லா ஏறியிருக்குது கண்ணு" என்று முள்ளைக் காட்டுவார். நானும் நிம்மதியாக வேலைக்குத் திரும்புவேன். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்தது. பிள்ளை தாங்கவில்லை. "இவ்வளவு மெலிஞ்ச குழந்தையை யாருமே எடை பார்க்கலையா?" என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் கேட்டார். "மாசாமாசம் ஏறுச்சே சார்" என்றேன்.

அடக்கம் முடிந்த சில நாளில் நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தராசை வெறுந்தூளியோட தொங்கவுட்டுப் பார்த்தனுங்க. புள்ளையே இல்லாம முள்ளு ஏறி நிக்குது. ஸ்பிரிங் வரவரத் தளர்ந்துபோச்சுங்க. ஒவ்வொரு தடவையும் அப்படிப் பார்த்திருக்கோணும். பார்க்காம உட்டுட்டனுங்க."

அவர் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. ஏன்தான் சொன்னாரோ என்று இன்றும் சில நாள் ஆத்திரம் வரும். பிள்ளை தேறுகிறாள் என்று நான் பூரித்ததெல்லாம் ஒரு கம்பிச்சுருளின் தளர்ச்சி என்றால் மனது எப்படி ஆறும்?

இளையவன் பிறந்தபோது, "அங்க மட்டும் போவேண்டாம்" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனாலும் ஒரு புதன்கிழமை அங்கேயே போய் நின்றேன். தராசு புதிது. நர்ஸம்மா பாதியாக இளைத்திருந்தார். ஒவ்வொரு குழந்தைக்கும் முன்பு தூளியை வெறுமையாக விட்டு, முள் நிற்கும்வரை காத்திருந்தார். "ஏனுங்க, வெறுந்தூளிய இப்படி ஆட உடறீங்க?" என்று ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

என் முறை வந்தது. "நீங்களே பாருங்க கண்ணு, முள்ளு சைபர்ல நிக்குதுங்களா?" என்றார். தூளி என் முகத்துக்கு நேரே மெல்ல ஆடியது. நான் முள்ளைப் பார்க்கவில்லை, தூளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். "நிக்குதும்மா" என்று சொல்லிப் பையனை அவர் கையில் கொடுத்தேன்.

இப்போது எண் காட்டும் தராசு வந்துவிட்டது. நர்ஸம்மாவும் காங்கேயம் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். பையன் பள்ளிக்கூடம் போகிறான். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே அவனைத் தூக்கிப் பார்ப்பேன். "இறக்கி விடும்மா, எல்லாரும் பாக்காங்க" என்று நெளிவான். கனக்கிறான், நன்றாகவே கனக்கிறான். என் கைதான் நம்ப மாட்டேன் என்கிறது.