அறுந்த லைனில் ஏழு நிமிடம்

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். மறதியும் அதிகம். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், இப்போதும் அப்படித்தான். சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது செல்போன் எந்த டவரில் இருந்தது என்று பார்த்தே கொலைகாரனைப் பிடிக்கிறார்களாம். அப்போது எஸ்.டி.டி. பூத் மெஷின் அடிக்கிற துண்டுச்சீட்டுதான். எந்த நம்பர், எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று அதில் இருக்கும். எதிர்ப்பக்கம் எடுத்தால்தான் மெஷின் ஓடும்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் எனக்கு வெள்ளைக் கலவை பூசுகிற வேலை. என் தம்பி செல்வராசு அங்கேயே வேன் டிரைவர். ஒருநாள் மத்தியானம் மூன்று மணி வாக்கில் பெண்ணாடம் பக்கம் கரும்புக்கொல்லையில் ஒரு லாரிக்காரரை அடித்துக் கொன்றுவிட்டார்கள். முந்தின வாரம்தான் அவருக்கும் என் தம்பிக்கும் டீக்கடையில் அடிதடி, ஊரே பார்த்தது. மறுநாள் காலையில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூணு மணிக்கு விழுப்புரத்து பூத்திலிருந்து அக்காவுக்குப் போன் போட்டேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். பூத்காரருக்கோ முகம் ஞாபகம் இல்லை. நான் சொல்வதில்தான் அவன் உயிர் இருந்தது.

இன்ஸ்பெக்டர் கம்பெனிக்கே வந்தார். "போன் வந்துதாம்மா?"

"வந்துதுங்க. மூணு மணி நாலு நிமிஷத்துக்கு. வண்டி ரிப்பேரு, நாளைக்குதான் வருவேன்னு தம்பி சொன்னான் சார்."

பக்கத்தில் கலவை பூசுகிற காமாட்சிக்கு என்னை ஆகாது. "பொய்யி சார்! போன் லைன் அறுந்து மூணு நாளாவுது. ரோட்டுல பள்ளம் தோண்டுனவன் வெட்டிட்டான். நேத்து மணியே அடிக்கல, இவதான் எழுந்து போன்கிட்ட ஓடுனா!"

முதலாளியும் ஆமாம் என்றார். லைன்மேன் இன்னும் வந்து ஒட்டவில்லையாம். இன்ஸ்பெக்டர் பிரம்பை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "அறுந்த போனுல எமனா பேசுனான்? தம்பியோட சேத்து ஒன்னையும் உள்ள வெக்கவா?"

ஆனால் நம்பினால் நம்புங்கள், எனக்கு மணி அடித்தது. கை முழுக்கக் கலவை, அதனால் தோளில் இடுக்கிக்கொண்டுதான் பேசினேன். அவன் குரல்தான்.

சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து சீட்டு வந்தது. எங்கள் கம்பெனி நம்பர். மூணு மணி நாலு நிமிடம். ஏழு நிமிடம் பேசினதாக அதில் இருந்தது. சீட்டைப் பார்க்காமலே நான் அதே நேரத்தைச் சொல்லியிருந்ததால் அவர்களால் தட்ட முடியவில்லை, விட்டுவிட்டார்கள். செத்தவர் பெண்டாட்டி ஸ்டேஷன் வாசலிலேயே என் மேல் துப்பினாள். "கொலகாரன பெத்த வம்சம்டி ஒங்களுது!" துடைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கொலைக்கு இதுவரை வேறு யாரும் சிக்கவில்லை.

ஒன்றை மட்டும் நான் போலீசிடம் மறைத்தேன். போனில் அவன் முதலில் சொன்னது வண்டியைப் பற்றி இல்லை. "அக்கா, சுவத்துல மணியப் பாரு. பாத்து வெச்சிக்க. கேப்பாங்க" என்றுதான் ஆரம்பித்தான். அதைச் சொல்லியிருந்தால் திட்டம் போட்டுச் செய்தான் என்றுதானே எழுதியிருப்பார்கள்?

வீட்டுக்கு வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன். "ஏண்டா என்னை மணியப் பாக்க சொன்ன? நீ என்னடா பண்ண?"

"நான் எங்கக்கா பேசுனேன்? எடுத்தாங்க, சூளை எரியற மாதிரி ஒரே இரைச்சலு. அக்கா அக்கான்னு கத்துனேன், நீ ஒண்ணுமே பேசல. வெச்சிடலாம்னா கை வர மாட்டேங்குது. ஏழு நிமிஷம் அப்படியே நின்னேன்க்கா."

அன்றைக்குக் கம்பெனியில் சூளை பற்றவைக்கவில்லை.

இப்போது பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான். செல்லில் கூப்பிட்டால் எடுக்கமாட்டான், என்ன வெயிலானாலும் நடந்து வந்து "என்னக்கா?" என்று கேட்பான். நானும் அவன் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவர் யாராவது இதைப் படித்தால், அந்த லைனை என்றைக்கு ஒட்டினார்கள் என்று பழைய புத்தகத்தில் பார்த்துச் சொல்லுங்கள். எனக்குத்தான் மறதியாயிற்றே, அந்தப் போனுக்கு முன்னாலேயே ஒட்டிவிட்டார்கள், நான்தான் நாளைத் தப்பாகச் சொல்கிறேன் என்றால் தயங்காமல் எழுதுங்கள். தப்பாக இருந்தால் ரொம்ப நிம்மதி.