கியர் இருக்கும் பக்கம்

அக்கா சைக்கிள் பெடலை ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறுகையால் கியர் லீவரைத் தட்டுகிறார். செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. தலையைச் சாய்த்துக் கேட்கிறார். மறுபடி தட்டுகிறார். "ம், ஏறு. உன்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் வைக்கணுமா?" சாப்பிட்டுக் கழுவிய கை இன்னும் காயவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் மதிய இடைவேளையில் ஒருமுறை பார்க்காமல் விடமாட்டார்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் பின்முற்றம். ஈர மூட்டைகளைத் தொங்கவிடும் இரும்புக் கம்பியில் சைக்கிளின் இருக்கையை மாட்டியிருக்கிறார். பின்சக்கரம் அந்தரத்தில் சுழல்கிறது. வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட ரேஸ் சைக்கிள். யாரோ ஓட்டித் தீர்த்து விற்றது. இளைஞர்கள் குனிந்து ஓட்டும் வண்டியில் ஐம்பதைத் தாண்டிய இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பேருந்தில் நிற்பவர் கம்பியைப் பிடிப்பதுபோலக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போவார். கால்சட்டை செயினில் மாட்டாமலிருக்க, கிழிந்த படுக்கைவிரிப்பின் ஓரத்தை வலது காலில் சுற்றியிருப்பார். ரிப்பேர் ஆயுதங்களெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில். அவர் கியரோடு மல்லாடும்போது சைக்கிள் ஆடாமல் பிடித்துக்கொள்வது, அவரோடு சலவை வேலை பார்க்கும் நான்.

"என்னக்கா, பந்தயத்துக்குப் பேர் கொடுத்தாச்சா?" என்பார் வேன் டிரைவர். அழுக்குத் துணியைக் கொண்டுவந்து வெளுத்ததைக் கொண்டுபோகிறவர். வாய் சும்மா இருக்காது.

"கொடுத்துட்டேன்ப்பா. உன் வேனும் ஓடுதுன்னாங்க, அதான் தைரியமா இருக்கேன்."

சிரிக்காமல் சொல்வார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

பின்சக்கரத்தில் அடுக்கியிருக்கும் பல்சக்கரங்களுக்கு அவர் உறவு சொல்லித்தான் பேசுவார். ஆகச் சிறியது கடைக்குட்டி. ஆகப் பெரியது பெரியவன். இடையில் இருப்பதெல்லாம் நடுவுல உள்ளதுங்க. "சமதரையில கடைக்குட்டி போதும், ஓடிடுவான். மேட்டுல பெரியவன்தான் சுமக்கணும்." சின்னதிலிருந்து பெரியதற்குச் செயினைத் தள்ளிவிட, சக்கரத்தின் பின்னால் ஒரு சிறிய இரும்புக் கை தொங்குகிறது. லீவரைத் தட்டினால் கேபிள் அந்தக் கையை இழுக்கும். கை நகர்ந்தால் செயின் நகரும். அவ்வளவுதான் கியர் என்பது.

வேலை முடிந்து தினமும் ஏறும் ஒரு மேடுதான் அவருக்கு எல்லாம். அதன் உச்சியில் ஒரு பராமரிப்பு இல்லம். அங்கே அவர் வீட்டுக்காரர் படுத்திருக்கிறார். பக்கவாதம் பேச்சையும் ஒரு பக்கத்து உடம்பையும் எடுத்துக்கொண்டுவிட்டது. இரவுச் சாப்பாட்டை மனைவி கையால் மட்டும் வாங்குவார். வேறு யார் கரண்டியை நீட்டினாலும் பல்லைக் கடித்துக்கொள்வார். சாப்பாட்டு வண்டி திரும்பியதும் வெளியாட்களுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். எங்கள் வேலை முடியும் நேரத்துக்குப் பேருந்தைப் பிடித்தால், அது குன்றை முழுக்கச் சுற்றிப் போய்ச் சேருவதற்குள் கதவு சாத்தியிருக்கும். சைக்கிளில் போனால் பிடித்துவிடலாம். பெரியவன் கைவிட்டால் அந்த மனிதர் அன்றைக்குப் பட்டினி.

ஒரு விடுமுறை நாளில் அக்காவோடு நானும் போயிருந்தேன். ஊட்டி முடித்து வாயைத் துடைத்துவிட்டார். பிறகு ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் மறுகையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, அந்தப் பெரிய உடம்பை மெல்ல மறுபக்கம் திருப்பினார். "ஒரே பக்கமா படுத்துப் படுத்து அலுத்துப்போச்சு, இல்ல?" முழங்கால்களுக்கு நடுவே மடித்த துண்டு ஒன்றைச் செருகி, அது நழுவாமல் இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார். முதுகில் புண் வராமலிருக்க நர்ஸ் சொல்லிக்கொடுத்ததாம். அக்கா செய்ததைப் பார்த்தபோது யாரும் சொல்லிக்கொடுத்ததுபோலத் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில்தான் கியர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. அடைமழை நாட்களில் வேன் டிரைவர் சூப்பர்வைசருக்குத் தெரியாமல் தன் வழியை விட்டு விலகிப் போய் அக்காவை மேட்டில் இறக்கிவிடுவார். சைக்கிளைப் பின்னால் படுக்கப்போட்டு, மூட்டைகளை மேலே அடுக்கிக்கொள்வார். "நனைஞ்சு நீங்களும் படுத்துட்டா ரெண்டு பேருக்கு யாருக்கா ஊட்டுறது?" அக்கா ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்திக்கொள்வார்.

மழை விட்ட நாட்களில் மேட்டின் பாதியில், பெரியவன் மேல் இருந்த செயின் தானாகக் கீழே குதித்தது. கேபிளை இறுக்கினார். பெரியவன் சரியானான், கடைக்குட்டிக்குச் செயின் இறங்க மறுத்தது. தளர்த்தினார். கடைக்குட்டி சமாதானமானான், பெரியவன் முறுக்கிக்கொண்டான். "ஒருத்தனைத் தாஜா பண்ணா இன்னொருத்தன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறான். வீடுன்னா இப்படித்தான்" என்றார். துடைத்தார், எண்ணெய் விட்டார், ஒவ்வொரு திருகையும் கழற்றிப் போட்டார். பிறகு செயின்தான் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கிப் பூட்டினார்.

அந்தப் புதுச் செயின்தான் கவிழ்த்தது. கம்பியில் தொங்கும்போது பட்டுப்போல ஓடியது. மேட்டில் ஏறி மிதித்ததும் பல்லைத் தாண்டி வழுக்கிவிட்டது. பெடல் வெறுமனே இறங்க, அக்கா சாலையில் விழுந்தார். முழங்கால் கிழிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது.

மறுநாள் காலை என்னிடம், "நேத்து அவர் சாப்பிடலை" என்றார். காலை முழுக்க விரிப்பு மடித்தோம். ஓரம் துளி பிசகினாலும் உதறி, மறுபடி முதலிலிருந்து மடித்தார்.

சைக்கிள் கடைக்காரர் பார்த்ததுமே சொல்லிவிட்டாராம். "பழைய பல்லும் பழைய செயினும் சேர்ந்தே தேஞ்சிருக்குக்கா. புதுசு அதுல உக்காராது. மாத்துனா ரெண்டையும் மாத்தணும். இல்லைன்னா பழசையே போடுங்க." நல்லவேளை, பழையது டப்பாவிலேயே இருந்தது. புதியதைக் கழற்றும்போது, "வந்த மருமகளைத் திருப்பி அனுப்புற மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தார். வழுக்கல் நின்றது. ஆனால் கடைக்குட்டி, பெரியவன் சண்டை அப்படியே இருந்தது.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். மூலைகளைப் பிடித்து இழுத்து நிறுத்தி, ஒரு கண்ணை மூடி ஓரத்தை நோட்டம் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். அன்று மதியம் அக்கா சைக்கிளின் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடினார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"இங்க வாம்மா. நீயும் பாரு."

பார்த்தேன். நேராகத் தொங்க வேண்டிய இரும்புக் கை, சக்கரத்தைப் பார்த்து உள்ளே சாய்ந்திருந்தது. அது மாட்டியிருந்த காது போன்ற சிறு தகடே வளைந்திருந்தது. எத்தனை இறுக்கித் தளர்த்தினாலும் நேராக எப்படி நிற்கும்?

இரும்புக் கையின் வெளிப்பக்கம் ஒரு சிராய்ப்பு. அதில் பச்சைப் பெயிண்ட் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அக்கா அதை விரலால் தடவினார். வேனின் தளம் முழுக்க அந்தப் பச்சைதான். கியர் இருக்கும் பக்கம் கீழே, மேலே அத்தனை மூட்டைகளின் கனம். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து டிரைவர் வாசலில் தலைகாட்டினார். "என்னக்கா, என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதா?"

அக்கா துணியை எடுத்து அந்தப் பச்சையை அழுத்தித் துடைத்தார். "தெரியலப்பா. வயசாச்சு அவனுக்கு."

டிரைவர் போன பிறகு, ஆலன் கீ என்னும் வளைந்த அறுகோணச் சாவியை அந்த இரும்புக் கையின் திருகில் செருகினார். "ஒடிஞ்சா போச்சு. நீ சக்கரத்தைக் கெட்டியா பிடிச்சுக்கோ." இழுத்தார், விட்டார், பின்னால் போய்ப் பார்த்தார். மறுபடி இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. தகடு கிர்ரென்று முனகியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒடியவில்லை.

பெடலைச் சுற்றி லீவரைத் தட்டினார். கடைக்குட்டியிலிருந்து நடுவில் உள்ளவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டி, செயின் பெரியவன் மேல் போய் உட்கார்ந்தது. திரும்பவும் இறங்கிவந்தது.

மறுநாள் காலை என்னைத் தாண்டிப் போகும்போது, "நேத்து ரெண்டு கிண்ணம் சாப்பிட்டார்" என்றார்.

அந்த வாரமே இன்னொரு மழை. வேலை முடியும் நேரத்தில் டிரைவர் வழக்கம்போல வந்து சைக்கிளைத் தூக்கி வேனுக்குள் சாய்த்தார், கியர் கீழே போகும்படி.

"இருப்பா." அக்கா உள்ளே ஏறினார். ஒரு கையை இருக்கைக்கு அடியிலும் மறுகையைக் கைப்பிடிக்கு அடியிலும் கொடுத்து, சைக்கிளை மெல்ல மறுபக்கம் திருப்பினார்.

"என்னக்கா புதுசா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஒரே பக்கமா படுத்துப் படுத்து அவனுக்கு அலுத்துப்போச்சு."

டிரைவர் சிரித்துக்கொண்டே மூட்டை எடுக்கத் திரும்பினார். அக்கா ஒரு துண்டை மடித்துப் பெடலுக்கு அடியில் செருகி, நழுவாமல் இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.