நான்கு மெஷினுக்கு ஒரு பாலிசி

போன வருடப் புயலில் பட்டாபிராமில் எங்கள் வீட்டு முன்னறைக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. என் நான்கு தையல் மெஷின்களின் மோட்டாரும் போச்சு, பள்ளிக்கூடச் சீருடை ஆர்டரும் கைநழுவிப் போச்சு. அடுத்த மழைக்குள் இன்சூரன்ஸ் எடுக்காவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று அன்றைக்கே கத்தினேன்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த தெருவில் இருக்கும் ஏஜென்ட் தம்பி வந்தார். "ஊட்டு மதிப்பு இன்னா சார்?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தொண்ணூறு லட்சம் போடுங்க. இப்ப இங்க ஒரு கிரவுண்டு மனை என்ன விலை, தெரியும்ல?"

கிரவுண்டு விலை பேச ஆள் கிடைத்துவிட்டால் அந்த மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம். தம்பி செல்போனில் கணக்குப் போட்டு வருடப் பிரீமியத்தைச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

தம்பியே சிரித்துவிட்டார். "மண்ணையும் சேத்து இன்னாத்துக்கு சார் சொல்றீங்கோ? புயல் அடிச்சா செவுரு வுழும், மண்ண தூக்கிகினு பூடுமா? ஊட்ட திரும்பக் கட்ட இன்னா செலவோ, அத்த மட்டும் சொல்லுங்கோ."

அட, ஆமாம்! கட்டடத்துக்கு மட்டும் போட்டதும் பிரீமியம் மளமளவென்று இறங்கியது. எனக்கு ஒரே குஷி. இவர் முகம்தான் சுருங்கிப்போனது. அந்தச் சந்தோஷத்திலேயே, "புது மோட்டார் போட்டு வச்சிருக்கேன், என் மெஷின் நாலையும் சேர்த்துக்கோங்க தம்பி" என்றேன்.

"வீட்டுச் சாமான்லயே எழுதிக்கோங்க" என்று இவர் குறுக்கே விழுந்தார். "சும்மா பொழுதுபோகாம தைக்கிறா."

தம்பி பேனாவைக் கீழே வைத்தார். "யக்கா, அப்பிடி எழுதுனா நாளிக்கி நஷ்டத்தப் பாக்க கம்பெனி சர்வேயர் வந்து, கட்டிங் டேபிளப் பாத்துட்டு, இது தொழிலாச்சேன்னு மெஷினுக்குப் பைசா தரமாட்டாரு. உள்ளத சொல்லிக் கடை பாலிசி தனியா எடு. மண்ணுல மிச்சமான துட்டே போதும்."

எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பொழுதுபோகவில்லையாமே! "நம்ம பொண்ணோட காலேஜ் ஃபீஸ் எந்தப் பொழுதுபோக்குல கட்டினது?" என்று கேட்டேன். இவர் மின்விசிறியைப் பார்த்தார். கடை பாலிசி விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் தம்பி கைப்பழக்கத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தார். அதை அடிக்கச் சொல்லி, 'தையற்கடை உரிமையாளர்' என்று எழுதவைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கார்த்திகையில் மறுபடியும் புயல். வாசலைத் தாண்டித் தண்ணீர் வரும்போதே இரண்டு மெஷின்களைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டோம். மற்ற இரண்டையும் தூக்குவதற்குள் மூழ்கிவிட்டன. ஆனால் இந்த முறை நான் அழவில்லை. பீரோவில் பாலிசி இருக்கிறது!

தண்ணீர் வடிந்து நான்காம் நாள் சர்வேயர் வந்தார். சுவரில் படிந்த சேற்றுக்கோட்டைப் படம் எடுத்தார், நனைந்த மோட்டார்களைப் படம் எடுத்தார், பாலிசியைப் புரட்டினார். புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார்.

"நல்லவேளை, கடைன்னு சரியா எழுதியிருக்கீங்க. ரெண்டு மெஷினுக்கும் கிடைச்சிடும்" என்றார்.

எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. தரை முழுக்கச் சேறு, அதனால் குதிக்கவில்லை.

"கடை ஓனர் இங்க கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லி, அவர் பேனாவை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

இவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து நின்று, கிரவுண்டு விலை சொல்கிற அதே குரலில், "ஓனர் அவங்க சார். மொத்தம் நாலு மெஷின் வச்சிருக்காங்க, தெரியும்ல?" என்றார்.