சாகரிகாவில் கார்பன் ஒழிந்த கதை

ஈவ்லின் காஸ்பர் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கடைசி வரிசையில்தான் உட்காருவார். முன்னால் உட்கார்ந்தால் பேசுகிறவரின் முகத்துக்கு நேரே சிரிக்க வேண்டியிருக்கும், அது மரியாதையில்லை என்பது அவர் கட்சி. சாந்தோமில் பிறந்தவர். ஒரு கான்வென்ட் பள்ளியின் ஆபீசில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராஜா அண்ணாமலைபுரத்தில் 'சாகரிகா' என்கிற அடுக்குமாடியின் மேல்தளத்தில், தம்பி ஜெஃப்ரியோடு இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "பார்க்க வந்தவங்களை நானும் பார்த்தேன்" என்பார். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

விழா என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு உதட்டோரம் கோணும். பள்ளியில் வருஷா வருஷம் அதே குழியில் மரக்கன்று நட்டு, அதே பூவாளியால் தண்ணீர் ஊற்றி, படம் எடுத்துக்கொண்டு போனவர்களையெல்லாம் பார்த்த கண்கள் அவை.

ஆனால் சூரிய மின்சாரத்தை அவர் கேலி செய்ததில்லை. வர்தா புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. கீழேயிருந்து மேல்தளம் வரை அவரும் ஜெஃப்ரியும் குடம் குடமாகத் தூக்கினார்கள். அதற்கடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், மொட்டை மாடியில் சோலார் போடலாம், கூடவே பேட்டரியும் வைக்கலாம் என்று எழுந்து சொன்னவர் அவர்தான். செயலாளர் ஸ்ரீஹரி சிரித்தார். "மேடம், இதெல்லாம் ராமநாதபுரம் மாதிரி ஊருக்கு. நமக்கெதுக்கு?" மற்றவர்களும் சிரித்தார்கள். விஷயம் முடிந்தது.

அதே ஸ்ரீஹரிதான் இப்போது, பத்து வருஷம் ஆகப்போகிற நேரத்தில், கூட்டத்தில் எழுந்து நின்று பூமியைப் பற்றிக் கண் கலங்கினார். பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் திரையில் படம் காட்டித்தான் சொல்வார். பனிக்கரடி வந்தது. உருகுகிற பனி வந்தது. கடைசியில் விஷயம் வந்தது: அந்த வட்டாரத்துக் குடியிருப்போர் சங்கங்களெல்லாம் சேர்ந்து 'கார்பன் இல்லாத குடியிருப்பு' என்று ஒரு போட்டி நடத்துகின்றன. சோலார் போட்டால்தான் கலந்துகொள்ள முடியும். ஆழ்வார்பேட்டையில் ஒரு பில்டிங் ஏற்கெனவே போட்டுவிட்டது.

"ஆழ்வார்பேட்டைக்காரா போட்டுட்டா, நாம சும்மா இருக்கறதா?" என்று முடித்தார். பனிக்கரடியால் ஆகாத காரியத்தை ஆழ்வார்பேட்டை செய்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஈவ்லினின் கையும்தான். நல்ல காரியம் கெட்ட காரணத்துக்காக நடந்தாலும் நடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பேட்டரி வேண்டாம், செலவு அதிகம் என்று முடிவாயிற்று. பேனல்களை ஆள் உயரத்துக்கு மேலே சட்டம் கட்டிப் போடுங்கள், கீழே நடமாட இடம் இருக்கும் என்று ஈவ்லின் சொன்னார். தெருவிலிருந்து பார்க்க அசிங்கமாக இருக்கும் என்றார் ஸ்ரீஹரி. முழங்கால் உயரத்தில், தரையோடு தரையாக, மாடி முழுக்கப் பேனல்களைப் பரப்பினார்கள். அங்கே குறுக்கும் நெடுக்குமாக ஓடிய துணிக்கொடிகளை வாட்ச்மேன் கனகராஜ் அறுத்துச் சுருட்டி மோட்டார் ரூமில் போட்டார். பால்கனியில் துணி தொங்கினால் நடுவர்கள் கண்ணில் படும் என்று, அதற்கும் தடை வந்தது.

துணி எங்கே காயும்?

முதல் டிரையர் ஸ்ரீஹரி வீட்டுக்குத்தான் வந்தது. அவர் மனைவி அனுப்ரியாவுக்கு ஈரத்துணி வாடையே ஆகாது. பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் வாங்கினார். அப்புறம் கீழ்வீடு. சூரியன் இத்தனை காலம் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலையை, சூரியனுக்கு மரியாதை செய்கிறோம் என்று சொல்லி, கரண்டில் ஓடுகிற பெட்டிகளிடம் கொடுத்தார்கள். பேனலிலிருந்து வருகிற மின்சாரம் லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் வாசல் விளக்குக்கும்தான். டிரையர் ஓடியது வழக்கமான கம்பத்துக் கரண்டில். இதை ஈவ்லின் கூட்டத்தில் சொன்னபோது, "நீங்க ரொம்ப நெகட்டிவ் மேடம்" என்று பதில் வந்தது.

அவர் டிரையர் வாங்கவில்லை. ஈரப் படுக்கை விரிப்புகளை நாற்காலிகளின் முதுகில் போட்டு ஃபேனைச் சுழலவிட்டார். வீடே நனைந்த நாய் மாதிரி மணந்தது. "அக்கா, நாமும் ஒரு மெஷின் வாங்கிடலாமே" என்றார் ஜெஃப்ரி. "வாங்கி? மேல வெயில் காயுது, கீழ நான் பட்டனை அமுக்கணுமா?" என்று சீறினார். ஜெஃப்ரி பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

நடுவர்கள் வருகிற நாள் வந்தது. நல்ல கத்திரி வெயில். காலையிலிருந்து மாலை வரை யாரும் ஏ.சி. போடக்கூடாது, மீட்டர் நிதானமாக ஓட வேண்டும் என்று உத்தரவு. முதல் மாடியில் ஒருவர் வாசற்படியில் உட்கார்ந்து ஈரத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். புயலுக்குப் பிறகு வாங்கிப் பின்பக்கம் நிறுத்தியிருந்த டீசல் ஜெனரேட்டரை மறைத்து ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு பச்சை இலையும், இலையைவிடப் பெரிதாக ஸ்ரீஹரியின் படமும் இருந்தன.

ஈவ்லின் அன்று அதிகாலையிலேயே வாஷிங் மெஷினைப் போட்டிருந்தார். மூன்று படுக்கை விரிப்பு, தம்பியின் லுங்கிகள், தன் நைட்டிகள். எல்லாவற்றையும் தெருவைப் பார்த்த பால்கனியில் வரிசையாகத் தொங்கவிட்டு கிளிப் போட்டார். ஒரு விரிப்பு கீழ்வீட்டு ஜன்னல் வரை இறங்கி ஆடியது.

முதலில் கனகராஜ் வந்தார். "இன்னா மேடம் இது? செகரெட்ரி சாரு கீழ கத்திக்கினு கீறாரு. எட்த்துடுங்க மேடம், என் தலை உருளும்."

"உன்னை எதுக்கு உருட்டணும்? நான்தானே போட்டேன். அவரையே வரச் சொல்லு."

அவரே வந்தார். கோபத்தில் அவருடைய ஆபீஸ் பேச்சு கழன்றுபோயிருந்தது. "ஏன் மேடம் இப்படிப் பண்றேள்? இன்னிக்குன்னு பார்த்தா இதெல்லாம் காயப்போடணும்? கேட்டாண்ட வந்துட்டா அவா!"

"துணிக்கு இன்னைக்குன்னு தெரியுமா மிஸ்டர் ஸ்ரீஹரி? ஈரமா இருக்கு, காயுது."

"மானம் போறது!"

"யாரோட மானம்? என் நைட்டிதான் தொங்குது. உங்களோடது இல்லையே."

அதற்குள் நடுவர்கள் படியேறி வந்துவிட்டார்கள். மூவரில் இளையவர் புஷ்ரா, மின்பொறியாளர். அவர் பால்கனிக்குப் போய்த் துணிகளைப் பார்த்தார். பிறகு, "மாடியில காயப்போட இடமில்லையா மேடம்?" என்று கேட்டார்.

"இருந்துச்சும்மா. அங்க இப்ப சூரியனைக் காயப்போட்டிருக்காங்க" என்றார் ஈவ்லின்.

புஷ்ரா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஸ்ரீஹரிக்கு முகம் வெளுத்தது. ஆனால் அவர் இருபது வருஷம் கம்பெனியில் பெரிய பதவி பார்த்தவர், விழுந்தாலும் குதித்த மாதிரி எழுந்திருக்கத் தெரிந்தவர். "இதுதான் எங்க பில்டிங்கோட ஸ்பெஷல்" என்றார் சட்டென்று. "துணியை வெயிலில் உலர்த்துவதை நாங்கள் ஊக்குவிக்கிறோம். நமது பாரம்பரியம்."

வெட்கம் என்ற ஒன்றில்லாமல் பிறப்பதும் ஒரு வரம்தான் என்று ஈவ்லின் நினைத்துக்கொண்டார்.

முதல் பரிசு ஆழ்வார்பேட்டைக்கே போயிற்று. சாகரிகாவுக்குச் சிறப்புப் பரிசு, 'எளிய வாழ்க்கை முறைக்காக'. மேடையில் ஸ்ரீஹரி துணி உலர்த்துவதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். அன்று கடைசி வரிசையிலிருந்து எழுந்த சிரிப்பில் முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் இலவசமாக விழும் பேட்டைப் பத்திரிகையில் ஸ்ரீஹரியின் பேச்சு படத்தோடு வந்தது. படத்தில் ஈவ்லினின் விரிப்பு இருந்தது. ஈவ்லின் இல்லை.

அடுத்த கூட்டத்தில் ஈவ்லின் எழுந்தார். "செகரெட்ரி ஊக்குவிக்கிறாராம். ஊரே படிச்சிருக்கு. எங்கே ஊக்குவிக்கிறார்னு யாராவது வந்து பார்த்தா, கொடி கட்ட ஒரு இடமாவது காட்ட வேண்டாமா? பேனல் சட்டத்தை உசத்துங்க."

தன் பேச்சைத் தானே மறுக்க ஸ்ரீஹரிக்கு வழியில்லை. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் சம்மதித்தார்கள். பேனல்கள் ஆள் உயரத்துக்கு மேலே ஏறின. அடியில் கொடி கட்டினார்கள். முதல் வாரம் ஈவ்லின் மட்டும் வந்தார். பிறகு, கரண்ட் பில்லைப் பார்த்த வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வாளியோடு படியேறினார்கள். அனுப்ரியாவும் வந்தார். ஈவ்லின் முகத்தைப் பார்க்காமல், "கிளிப் இருக்குமா?" என்று கேட்டார். ஈவ்லின் நாலைந்து எடுத்துக் கொடுத்தார். அவரிடம் ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்ல நாக்கு வரை வந்தது, ஏனோ விழுங்கிவிட்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரிசு வாங்கியாயிற்று, கோப்பை லிஃப்ட் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் ஏறியாயிற்று. அப்புறம் பேனலை யார் நினைப்பார்கள்? பக்கத்துத் தெருவில் மெட்ரோவுக்குத் தோண்டிய மண்ணெல்லாம் பறந்துவந்து பேனல்மேல் படிந்தது. அதற்குமேல் புறாக்கள். வருகிற கரண்ட் பாதியாகக் குறைந்தது. ஈவ்லின் இதை வாட்ஸப் குழுவில் எழுதியபோது ஆளுக்கொரு கும்பிடு போட்டார்களே தவிர, குழாயைத் தொட்டவர் இல்லை.

ஒரு சனிக்கிழமை ஈவ்லின் ஏணியைப் போடச் சொல்லி ஏறினார். கனகராஜ் கீழிருந்து ஹோஸைப் பிடித்தார்.

"உங்களுக்கு இன்னா தலையெழுத்து மேடம்? அவுங்க யாரும் வர்ல."

"அவங்களுக்காகவா ஏறினேன்? கீழ இருக்கிறவங்க பண்ணினதுக்கு அந்த வெயில் என்ன பண்ணும்? தண்ணியை வேகமா விடு."

விஷயம் தெரிந்ததும் ஸ்ரீஹரி 'பேனல் தூய்மை இயக்கம்' என்று அறிவித்தார். கலந்துகொள்பவர்களுக்கென்று பச்சை டீ-ஷர்ட்டுகள் ஒரு மூட்டை வந்து இறங்கின. ஆட்கள் வரவில்லை. ஈவ்லின் அதில் இரண்டை எடுத்து நனைத்து, புறா எச்சத்தைத் தேய்த்துத் துடைத்தார். நல்ல காட்டன், தண்ணீரை நன்றாக உறிஞ்சியது.